ஒரு மணி நேரக் குளியல்

மலையில் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்ட வெயில் வரவேண்டும். ஏற்காட்டுப் பக்கம் மார்கழியில் அதற்குக் காலை பத்து மணி தாண்டிவிடும். வெந்நீரை விளாவி வைத்து, பாட்டி தரையில் உட்கார்ந்து கால்களை நீட்டி, அவற்றின்மேல் குழந்தையைக் கிடத்திக்கொள்வார். இது அன்றும் நடந்தது, இன்றும் நடக்கிறது. கால் வளைந்து பிறந்த குழந்தையின் வீட்டில் மட்டும் இன்று அதற்கு முன்னால் ஒரு வேலை கூடியிருக்கிறது. ஒரு சாண் நீளக் கம்பியால் இணைத்த இரண்டு சின்னஞ்சிறு தோல் ஷூக்களின் லேஸை அவிழ்த்து, கணுக்கால் பட்டையைத் தளர்த்தி, பாதங்களை வெளியே எடுக்க வேண்டும். குளித்து, துவட்டி, சாம்பிராணி காட்டி முடிந்ததும் மறுபடி மாட்ட வேண்டும். நாளின் 24 மணி நேரத்தில் 23 அந்தக் கம்பிக்கு. மிச்சம் ஒன்று பாட்டிக்கு.

ஏற்காடு இருப்பது சேர்வராயன் மலையில். காப்பிச் செடிகளும், அவற்றுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களும், மரத்தில் ஏறிய மிளகுக்கொடியும் சூழ்ந்த மலை. சேர்வராயனைக் குலதெய்வமாகக் கும்பிடும் மலையாளிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக வாழும் பகுதி. ஏற்காடு வட்டத்தின் மக்கள்தொகை நாற்பதாயிரத்தைச் சற்றே தாண்டும். பாதம் இப்படி வளைந்து பிறக்கும் வளைபாதம் ஏறக்குறைய ஆயிரம் பிறப்புக்கு ஒன்று என்ற அளவில் வருகிறது. கணக்குப் போட்டால், மலை முழுவதற்கும் ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒரு குழந்தை. அதனால் பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடைப்பதில்லை. காய்ச்சலுக்கும் மாந்தத்துக்கும் ஊரே வைத்தியம் சொல்லும். இந்தக் கம்பியைப் பற்றி ஊருக்கு ஒன்றும் தெரியாது.

அன்று நிலைமை வேறு மாதிரி. வளைந்த காலைப் பற்றி எல்லோரிடமும் சொல்வதற்கு ஏதோ ஒன்று இருந்தது. என்ன செய்வதென்றுதான் யாருக்கும் தெரியாது.

அறுபது ஆண்டுகளுக்கு முன் இதே மலையில் அப்படி ஒரு குழந்தை பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலேயே, மருத்துவச்சியின் கையில் பிறந்திருக்கும். உள்ளங்கால் உட்புறமாகத் திரும்பி மேலே பார்க்கும். முன்பாதம் அரிவாள்போல மடங்கியிருக்கும். குதிகால் மேலேறி, தொட்டால் வெறும் சதையாகத் தட்டுப்படும். முதல் கேள்வி தாயை நோக்கித்தான் வந்திருக்கும். கிரகணத்தன்று வெளியே வந்தாயா? அரிவாள்மணையில் உட்கார்ந்து எதையாவது நறுக்கினாயா? இன்று மருத்துவம் சொல்வது வேறு: பெரும்பாலான குழந்தைகளுக்குக் காரணம் தெரிவதில்லை, பரம்பரைக்கு ஒரு பங்கு உண்டு, ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகளைவிட இரு மடங்கு வருகிறது, பாதிப் பேருக்கு இரண்டு பாதங்களும் வளைந்திருக்கும். கிரகணத்துக்கு இதில் வேலையில்லை. ஆனால் இந்தப் பதில் மலையேறி வருவதற்குள் எத்தனை தாய்மார்கள் தங்கள் கர்ப்பகாலத்தை நாள் நாளாகப் புரட்டித் தேடியிருப்பார்கள்!

அடுத்தது எண்ணெய். குளிப்பாட்டும்போது பாட்டி அந்தப் பாதத்தைத் தினமும் நீவிவிடுவார். நீவினால் நிமிர்ந்துவிடும் என்ற நம்பிக்கை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. வயிற்றுக்குள் நெருக்குண்டு கிடந்ததால் மட்டும் கோணிய பாதங்கள் உண்டு. அவற்றின் எலும்புகள் இடம் மாறியிருக்காது, விரலால் தள்ளினால் நேராகும். சில வாரங்களில் தாமாகவும் சரியாகிவிடும். அந்தக் குழந்தைகள் தேறிய பெருமை நீவுதலுக்குப் போய்ச் சேர்ந்தது. உண்மையான வளைபாதம் நீவுதலுக்கு மசியவில்லை. அடுத்துக் கட்டு வைத்தியரின் மூங்கில் தப்பை, அதற்கும் மசியவில்லை. பிறகு காப்பிப் பழம் பறிக்கும் பருவம் வந்திருக்கும், வேலை வந்திருக்கும். கால் அப்படியே விடப்பட்டது.

குழந்தை எழுந்து நடந்தது. பாதத்தின் வெளி விளிம்பில், சிலருக்குப் பாதத்தின் மேல்புறத்திலேயே ஊன்றி நடந்தது. அந்த இடத்தில் தோல் தடித்துக் காய்ப்பேறியது. மலை என்பது ஏற்றமும் இறக்கமும். சமதளத்தில் ஒரு மைல் நடப்பவருக்கும் சரிவில் சுமையோடு ஒரு மைல் நடப்பவருக்கும் உள்ள தூரத்தை அந்தக் கால்கள் அறிந்திருக்கும். செருப்பு பொருந்தாது. பள்ளியில் பெயர் மாறியது. ஊனத்தின் பெயரே கூப்பிடும் பெயராயிற்று. பெண்ணாக இருந்தால் வரன் பேசும்போது கால்தான் முதலில் பேசப்பட்டது.

சேர்வராயன் மலைக்குத் தென்கிழக்கே கொல்லிமலை இருக்கிறது. அங்கே 1914 ஜூலை 17 அன்று ஒரு மிஷனரித் தம்பதிக்குப் பிறந்தவர் பால் பிராண்ட். மலைப் பிள்ளைகளோடு மரமேறி வளர்ந்து, ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து போய், அறுவை மருத்துவராகி, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் கைகளை மீட்டவர் என்றே அவரை உலகம் அறியும். வேலூரில் அவர் வளைபாதங்களையும் பார்த்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

லண்டனில் அன்று இதற்குப் பெரும் பெயர் டெனிஸ் பிரவுன். ஆஸ்திரேலியாவில் பிறந்து கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றியவர். பாதங்களைத் தகடுகளில் ஒட்டுப்பட்டையால் இறுக்கி, இரண்டு தகடுகளையும் ஒரு கம்பியால் இணைக்கும் சாதனத்தை 1934இல் அறிமுகப்படுத்தினார். குழந்தை தன் உதையாலேயே தன் காலைத் திருத்திக்கொள்ளும் என்பது கணக்கு. கம்பிக்கு முன்னால் பாதத்தைக் கையால் பலமாக வளைத்து நேராக்கும் வேலையும் இருந்தது. பிராண்ட் அந்த முறையைக் கண்டு பழகியவர். வேலூரில் வந்து குவிந்தவர்களோ சிகிச்சையே காணாத வளர்ந்த மனிதர்கள். அவர்களின் பாதங்களைக் கையில் எடுத்துப் பார்த்தபோது அவருக்கு ஒரு வியப்பு. கோணலாக இருந்தாலும் அவை மென்மையாக, நெகிழ்ந்து கொடுத்தன. லண்டனில் சிகிச்சை பெற்ற பாதங்கள் பார்வைக்கு நேராக இருந்தும் உள்ளே தழும்பேறி விறைத்திருந்தன. பலம் காட்டிய இடத்தில் திசு கிழிந்து, தழும்பாக ஆறியிருக்கிறது என்பது அவருக்குப் புரிந்தது.

அதன்பிறகு அவர் செய்தது எனக்கு மிகவும் பிடித்த மருத்துவக் காட்சிகளில் ஒன்று. குழந்தையைப் பசியோடு கொண்டுவரச் சொல்வார். தாய் எதிரே உட்கார்ந்து பால் கொடுப்பார். குழந்தை குடித்துக்கொண்டிருக்கையில் பிராண்ட் அதன் பாதத்தை மெல்ல மெல்லத் திருப்புவார். அவர் கண் பாதத்தில் இருக்காது, குழந்தையின் முகத்தில் இருக்கும். குடிப்பதை நிறுத்தி அவரைத் திரும்பிப் பார்த்தால், எல்லை தாண்டிவிட்டது என்று பொருள். கொஞ்சம் விட்டுக்கொடுத்து, அந்த இடத்தில் மாவுக்கட்டுப் போடுவார். எவ்வளவு திருப்பலாம் என்பதைக் குழந்தையே சொன்னது.

பிராண்டுக்கு ஆறு வாரம் மூத்தவர் இன்னொருவர். 1914 ஜூன் 3 அன்று ஸ்பெயினின் மினோர்க்கா தீவில், கடிகாரம் பழுதுபார்ப்பவரின் மகனாகப் பிறந்த இக்னாசியோ பொன்செட்டி. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களுக்கு மருத்துவம் பார்த்து, தோற்ற தரப்பில் நின்றதால் நாடு துறந்து, பிரான்ஸ், மெக்சிகோ வழியாக 1941இல் அமெரிக்காவின் அயோவாவுக்கு வந்து சேர்ந்தார். அங்கே அறுவை செய்யப்பட்ட வளைபாதக்காரர்கள் வளர்ந்தபின் விறைத்த, வலிக்கும் கால்களோடு திரும்பி வருவதைக் கண்டார். 1940களின் கடைசியில் அவர் வேறு வழி தேடத் தொடங்கினார். பச்சைக் குழந்தையின் தசைநார்கள் சுருள்சுருளான இழைகளால் ஆனவை. மெல்ல இழுத்து ஒரு வாரம் அப்படியே பிடித்துவைத்தால் சுருள் நீண்டு, அந்த நீளத்திலேயே புதிய இழை ஓடும். ஆகவே வாரத்துக்கு ஒரு கட்டு போதும். ஆனால் எந்த எலும்பின்மேல் கட்டைவிரலை வைக்கிறோம் என்பதில் தவறக்கூடாது. அவருக்கு முந்தைய கைட் என்ற அமெரிக்க மருத்துவர் கட்டுப் போடும் முறையைத்தான் வலியுறுத்தினார். விரல் வைத்த இடம் சற்றுத் தள்ளிப் போனதால் அவருடைய கட்டுகள் மாதக்கணக்கில் நீண்டன.

பொன்செட்டி தன் முறையை 1963இல் எழுதி வெளியிட்டார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1971இல் டர்கோ என்பவர் விவரித்த பெரிய அறுவை சிகிச்சை உலகெங்கும் பரவியது. பாதத்தின் உட்புறமும் பின்புறமும் திறந்து, இறுகியவற்றையெல்லாம் ஒரே நாளில் விடுவிக்கும் அறுவை. கால் அன்றைக்கே நேராகத் தெரிந்தது. முப்பது வருடம் கழித்து அது என்ன ஆகும் என்று பார்க்க முப்பது வருடம் ஆயிற்று. 1995இல் பொன்செட்டி முறையில் தேறியவர்களை முப்பதாண்டு கழித்துத் தேடிப்பிடித்துப் பார்த்தார்கள். 45 பேர், 71 பாதங்கள். 78 சதவீதத்தினர் நல்ல நிலையில் இருந்தார்கள். பிறவியில் எந்தக் குறையும் இல்லாத ஒப்பீட்டுக் குழுவிலேயே அந்த அளவு 85 சதவீதம்தான். அதன்பிறகுதான் மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது. பிராண்ட் 2003இலும் பொன்செட்டி 2009இலும் மறைந்தார்கள். பொன்செட்டியின் பிறந்தநாளான ஜூன் 3 இப்போது உலக வளைபாத நாள்.

இன்று மலையில் பிறக்கும் குழந்தைக்கு வருவோம்.

அது வீட்டில் பிறப்பது அரிது. தமிழ்நாட்டில் 1998–99இல் நூற்றுக்கு ஏறக்குறைய 79 பிரசவங்கள் மருத்துவமனையில் நடந்தன. 2019–21 கணக்கெடுப்பில் அது 99.6. ஆகவே பாதத்தை முதலில் பார்ப்பவர் ஒரு செவிலியர். அவர் பார்வையில் தப்பினாலும், 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின் நடமாடும் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வரும். பிறவிக் குறைகளுக்கான அவர்களுடைய பட்டியலில் வளைபாதம் இருக்கிறது. அங்கிருந்து மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். சிகிச்சைக்குக் காசு இல்லை. பஸ்ஸுக்கும் விட்டுப்போகும் நாள்கூலிக்கும் காசு உண்டு. அதை யாரும் தருவதில்லை.

முதல் கட்டம் மாவுக்கட்டு. விரல்நுனி முதல் தொடை வரை, முழங்காலை மடக்கி. வாரம் ஒன்று, மொத்தம் ஐந்து முதல் ஏழு. ஒவ்வொன்றுக்கும் இருபது கொண்டை ஊசி வளைவுகளை இறங்கிச் சேலம் போய், பிற்பகலில் ஏறி வரவேண்டும். ஒவ்வொரு வாரமும் பாதம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே திரும்புவது கண்ணுக்குத் தெரியும். கடைசியில் பத்தில் எட்டு ஒன்பது குழந்தைகளுக்குக் குதிகாலின் தசைநாரைச் சிறு கத்தியால் வெட்டிவிடுவார்கள். அந்த இடத்தை மரக்கச் செய்து சில நிமிடங்களில் முடிகிற வேலை. தையல்கூடத் தேவைப்படாது. மூன்று வாரக் கட்டுக்குள் நார் நீண்டு வளர்ந்துவிடும். ‘நரம்பை வெட்டிவிட்டார்கள்’ என்ற சொல் மட்டும் வீட்டில் நெடுநாள் தங்கும்.

கட்டைப் பிரித்த நாளில் தாய்க்கு இரண்டு அதிர்ச்சி. ஒன்று, பாதம் இப்போது மறுபக்கமாக, வெளியே 60, 70 பாகை திரும்பி நிற்கும். கோணலை மாற்றிக் கோணலாக்கிவிட்டார்களோ என்று தோன்றும். அது வேண்டுமென்றே செய்தது, நடக்கத் தொடங்கும்போது நேராகிவிடும். இரண்டாவது, கால் சரியாகிவிட்டது என்று நினைத்த அதே நிமிடத்தில் மருத்துவர் அந்தக் கம்பி ஷூவை எடுத்துக் கையில் தருவார். நான்கு வயது வரை என்பார்.

இந்தக் கம்பியும் டெனிஸ் பிரவுனின் கம்பியின் வழிவந்ததுதான். அன்று அதன் வேலை காலைத் திருத்துவது. இன்று திருத்தும் வேலை மாவுக்கட்டோடு முடிந்துவிடுகிறது. திருந்திய கால் திரும்பப் போகாமல் காவல் இருப்பது மட்டுமே கம்பிக்கு. அன்று ஒட்டுப்பட்டை பச்சைத் தோலைப் பிய்த்தது. இன்று மென்மையான உள்துணி வைத்த தோல் ஷூ. இந்தியாவில் பரவலாகத் தரப்படும் வகையை வடிவமைத்தவர் ஸ்டேன்பேக் என்ற டச்சுக்காரர். உகாண்டாவின் கம்பாலாவில் கட்டலெம்வா செஷையர் இல்லத்தில் பணியாற்றியபோது, உள்ளூர்ச் செருப்புத் தைப்பவரும் வெல்டிங் கடைக்காரரும் சேர்ந்தால் செய்துவிடக்கூடியதாக அதை உருவாக்கினார். தோல், பிளைவுட், அடிரப்பர், இரும்புக் கம்பி, அவ்வளவுதான். குதிகால் கீழே உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கப் பின்னால் ஒரு ஓட்டை. நம் ஊர்ச் சந்தையில் கிடைக்காத பொருள் அதில் எதுவும் இல்லை.

முதல் இரண்டு மூன்று இரவுகள் கடினம். வாரக்கணக்கில் கட்டுக்குள் இருந்த தோல், காற்று பட்டாலே கூசும். அதுவரை இல்லாத ஒரு பாரம். ஒரு காலை உதைத்தால் மறு காலும் கூடவே வருகிறது. குழந்தை அழுகிறது. ஊர் கேட்கிறது. மாமியார் கேட்கிறார்.

“ஏன் கண்ணு, பச்சப்புள்ளைக்குப் போயி இரும்ப மாட்டி வெச்சிருக்கற? ராத்திரிக்கு மட்டுமாவது கழட்டி வுடேன்.”

“கழட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க அத்தை.”

இந்த இரண்டு வரிக்குள்தான் சிகிச்சையின் முக்கால்பங்கு இருக்கிறது. அழும்போது கழற்றினால், அழுதால் கழற்றுவார்கள் என்று குழந்தை கற்றுக்கொள்ளும். மூன்று மாதக் குழந்தைக்கு அதெல்லாம் தெரியுமா என்று கேட்பவர்கள், தூக்கச் சொல்லி அழும் குழந்தையைப் பார்த்திராதவர்கள். அழுகை வலியால் வருகிறதா, பழக்கமின்மையால் வருகிறதா என்பதைத்தான் பிரித்தறிய வேண்டும். அதற்கு ஷூவைக் கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும். முதல் வாரம் நாளைக்குப் பலமுறை. லேசாகச் சிவந்து சிறிது நேரத்தில் மறைந்தால் கவலையில்லை. குதிகாலின் பின்புறம் கன்றிச் சிவந்தாலோ கொப்புளம் கண்டாலோ, ஷூவுக்குள் பாதம் வழுக்குகிறது என்று அர்த்தம்.

இங்கேதான் தாயின் மனசு எதிர்ப்பக்கம் இழுக்கிறது. புண் வந்தால் தளர்த்தத் தோன்றும். தளர்த்தினால் பாதம் இன்னும் வழுக்கும், புண் பெரிதாகும். கணுக்கால் பட்டையை இன்னொரு துளை இறுக்குவதுதான் மருந்து. எண்ணெயும் களிம்பும் தடவக் கூடாது, தோல் ஊறி நைந்துவிடும். தலைமுறைகளாகப் பாட்டி கற்றுவைத்திருந்த முதல் வைத்தியமே இங்கு விலக்கு. அதை அவரிடம் சொல்வதற்கு, பட்டையை இறுக்குவதைவிட அதிகத் துணிச்சல் வேண்டும்.

மாட்டுவதற்கும் ஒரு வரிசை உண்டு. அதிகம் வளைந்திருந்த காலுக்கு முதலில். பருத்திச் சாக்ஸை மடிப்பு விழாமல் இழுத்துவிட்டு, பாதத்தை உள்ளே வைத்து, முதலில் கணுக்கால் பட்டை, பிறகுதான் லேஸ். கெண்டைக்காலைப் பிடித்து மேலும் கீழும் மெல்ல அசைத்துப் பார்த்தால் தெரியும். விரல்கள் முன்னும் பின்னும் நகர்ந்தால் குதிகால் உட்காரவில்லை, மறுபடி தொடங்க வேண்டும். சரியாக உட்கார்ந்த நாளில் விரல்நுனி எங்கே வருகிறதோ அங்கே ஷூவின் அடித்தோலில் ஒரு கோடு போட்டுக்கொள்வது நல்லது. பட்டையின் துளைக்கு அடையாளம் வைப்பதில் பயனில்லை, தோல் நாள்பட நீளும்.

பிறகு விளையாட்டு. கம்பியின் நடுவைப் பிடித்து மெல்ல முன்னே தள்ளி, பின்னே இழுத்தால், இரண்டு முழங்கால்களும் சேர்ந்து மடங்கி, சேர்ந்து நீளும். பத்து முறை, இருபது முறை, ஒரு பாட்டோ பேச்சோ கூடவே. சில நாளில் குழந்தைக்கு விஷயம் பிடிபட்டுவிடுகிறது. தனித்தனியாக உதைக்க முடியாது, சேர்த்து உதைக்கலாம். அதைக் கண்டுபிடித்த குழந்தை பாயில் கம்பியை ‘டக் டக்’ என்று தட்டித் தானே சிரிக்கும். பால் கொடுக்கையில் கம்பி தாயின் விலாவில் குத்தாமல் இருக்கப் பழைய சேலைத் துணியைச் சுற்றிவிடலாம். அந்தச் சுற்றல் வந்தபிறகு கம்பி கொஞ்சம் வீட்டுப் பொருள்போல ஆகிவிடுகிறது.

தூளிதான் சிக்கல். காப்பித் தோட்டத்தில் மரக்கிளையில் சேலையைக் கட்டி, தாய் பழம் பறிக்கும் நேரமெல்லாம் குழந்தையை அதில் தூங்கவைத்த மலை இது. தூளி குழந்தையின் கால்களை ஒன்றாகச் சேர்த்து உள்ளே மடக்கும். கம்பி விரித்து வெளியே திருப்பும். இரண்டும் ஒன்றையொன்று ஏற்பதில்லை. குறுக்குக் கட்டை வைத்து வாயை விரித்துக் கட்டினால் ஒருவாறு சமாளிக்கலாம், இல்லையென்றால் பாய்தான். இடுப்பில் இருத்தித் தூக்கவும் முடியாது, கம்பி குறுக்கே நிற்கும். நல்லவேளையாக, இடுப்பில் உட்காரும் வயது வரும்போது, நாளுக்கு 23 மணி நேரம் என்ற மூன்று மாதக் கெடு முடிந்திருக்கும். அதன்பிறகு இரவிலும் பகல் தூக்கத்திலும் மட்டும், நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம். பகலெல்லாம் கால்கள் குழந்தைக்குத் திரும்பக் கிடைக்கின்றன.

மலையில் இந்தச் சிகிச்சை தோற்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். கால் நன்றாக இருக்கிறது. குழந்தை தவழ்கிறது, எழுந்து நிற்கிறது. பார்ப்பவர்களுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. திருவிழாவுக்குப் போன இடத்தில் ஷூவை எடுத்துப்போக மறந்தாயிற்று. காய்ச்சல் வந்தது, இரண்டு நாள் போடவில்லை. விரல்கள் ஷூவின் விளிம்பைத் தாண்டி வளர்ந்துவிட்டன, அடுத்த அளவு வாங்கச் சேலம் போகவேண்டும், பறிப்பு முடியட்டும். முதல் ஆண்டிலேயே நிறுத்திவிட்டால் பத்தில் ஒன்பது பாதங்கள் மறுபடி வளைகின்றன. இரண்டாம் ஆண்டில் நிறுத்தினால் பத்தில் ஏழெட்டு, மூன்றாம் ஆண்டில் மூன்று நான்கு, நான்காம் ஆண்டில் ஒன்று. வளைவு வரும்போது சத்தம் போட்டு வருவதில்லை. குந்தி உட்காரும்போது ஒரு குதிகால் மட்டும் தரையைத் தொடாமல் நிற்கும். கவனித்தால் தெரியும்.

அன்று மருத்துவரிடம் போக முடியாததால் கால் கோணலாயிற்று. பின்னர் மருத்துவரின் கத்தி எல்லாவற்றையும் தானே செய்துவிடப் பார்த்தது, கால் விறைத்தது. இன்று மருத்துவரின் பங்கு ஏழெட்டு நாள்கள்தான். மிச்சமுள்ள ஆயிரத்துச் சொச்சம் இரவுகள் ஒரு வீட்டின் பொறுப்பு. கூலிவேலை முடிந்து வந்து, விறகடுப்பில் சோறாக்கி, தூக்கம் சொக்கும் கண்ணோடு பட்டையின் துளையைத் தேடும் கைகளை நம்பித்தான் அயோவாவின் கண்டுபிடிப்பு இந்த மலையில் நிற்கிறது. இவ்வளவு பெரிய சுமையை ஒரே ஆள்மீது ஏற்றிவிட்டோமே என்ற உறுத்தலும் எனக்கு உண்டு. கம்பியைக் கையில் தந்தவர்கள், மூன்றாம் இரவில் அழுகை தாங்காமல் தவிக்கும் தாய் யாரைக் கூப்பிடுவாள் என்பதையும் சேர்த்துத் தந்திருக்க வேண்டும். கிராமச் செவிலியரும் அங்கன்வாடி ஊழியரும் இந்த இரண்டு வரி வைத்தியத்தைக் கற்றிருந்தால் போதும்: புண் வந்தால் இறுக்கு, அழுதால் விளையாடு.

பாட்டியின் கைக்கு என்ன ஆயிற்று? அது ஓய்ந்துவிடவில்லை. மாவுக்கட்டு வாரங்களில் அதற்கு வேலையே இல்லை. ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. அந்த வாரங்கள் அவருக்குத்தான் மிகவும் நீளமானவை. கட்டுப் பிரித்தபின் ஒரு மணி நேரம் கிடைத்தது. குழந்தையைக் காலில் கிடத்தி, திருந்திய பாதத்தைக் கையில் ஏந்தி, அதை மேலே மடக்கி வெளியே திருப்பிப் பார்க்கிறார். எண்ணெய் கிடையாது. நீவிய பழக்கத்தில் கட்டைவிரல் மட்டும் தானாக அந்த இடத்துக்குப் போகிறது.

நான்கு வயது முடியும்போது ஷூ தேய்ந்து, பட்டையில் துளைகள் நீண்டு, கம்பியில் சுற்றிய துணி நிறம் தெரியாமல் போயிருக்கும். அந்த வயதுக் குழந்தை சரிவில் ஓடுகிறது, கொய்யா மரம் ஏறுகிறது. இனி வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்ட அன்று இரவு, விளக்கை அணைப்பதற்கு முன், குழந்தை பாயில் மல்லாந்து படுத்து வழக்கம்போல் இரண்டு கால்களையும் சேர்த்து அம்மாவை நோக்கி நீட்டுகிறது.